காலிபர் மாற்றும் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேரலை, அதாவது குழலைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் அதே ரைஃபிள் வேறு காலிபரில், அதாவது வேறு அளவுத் தோட்டாவைச் சுடும். மாடுலர் ரைஃபிள் என்பதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கும்போது புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிடித்த ரைஃபிளை முதலில் வாங்கிவிடுகிறார்கள். எந்தெந்தத் தோட்டாக்கள் வேண்டும் என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. அதற்குள் போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) அளவும், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனின் நீளமும் முடிவாகிவிடுகின்றன. வேண்டிய தோட்டா அதில் நுழையாது, அல்லது நுழைய வைக்க இன்னொரு ரைஃபிளின் விலை ஆகும்.

அதனால் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியின் முடிவும் அடுத்த படிக்குத் தேவைப்படும். சொற்களில் குழப்பம் வராமல் இருக்க ஒன்று: முழுமையாகச் சுடுவதற்குத் தயாராக இருப்பதைத் தோட்டா என்றும், அதன் முனையிலிருந்து பறந்துபோகும் பகுதியைக் குண்டு என்றும், பின்னால் மிஞ்சும் பித்தளையைக் கேஸ் என்றும் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற தெளிவு முதலில் வேண்டும். இதற்குத் தனிப் படியே இருக்கிறது, கீழே வருகிறேன்.

அடுத்து, ஒற்றைக் காலிபர் ரைஃபிள் ஒன்றில் கொஞ்ச காலப் பழக்கம். குறி தவறியதற்குக் காரணம் தன் கையா, காற்றா, துப்பாக்கியா என்று பிரித்தறியத் தெரியாதவருக்கு மாடுலர் ரைஃபிள் இன்னொரு சந்தேகத்தைக் கூட்டும். பேரல் சரியாக உட்கார்ந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு தவறிய சூட்டுக்கும் பின்னால் நிற்கும். இதுதான் உங்கள் முதல் ரைஃபிள் என்றால் ஒரு வருடமாவது சாதாரண ரைஃபிளில் சுட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வெர்னியர் காலிபர் (விட்டமும் நீளமும் அளக்கும் கருவி), ஒரு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி). இவை மூன்றும் பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

2. தோட்டாக்களை எழுதுங்கள், ரைஃபிளை எழுத வேண்டாம்

ஒரு தாளில் நீங்கள் உண்மையில் செய்யப்போகும் சுடுதலை எழுதுங்கள். 300 மீட்டருக்குள் காகித இலக்கு, 1000 மீட்டர் போட்டி, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் நடுத்தர அளவு விலங்கு வேட்டை, பெரிய விலங்கு வேட்டை என்று ஒவ்வொன்றும் தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு தோட்டாவின் பெயர்.

பட்டியல் மூன்றுக்கு மேல் போனால் வெட்டுங்கள். காரணம் எளிது. ஒவ்வொரு காலிபருக்கும் தனித் தோட்டா இருப்பு, தனி ஜீரோ (ஸ்கோப் எனும் குறிநோக்கியில் குறி பார்க்கும் இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்வது), தனிப் பயிற்சி நேரம் வேண்டும். ஐந்து பேரல் வைத்திருந்த பலரும் கடைசியில் இரண்டைத்தான் தொடுகிறார்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒரே வேலையை இரண்டு முறை வாங்குவது. .308 வின்செஸ்டரும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் சுடுவது ஒரே 7.82 மி.மீ. விட்டமுள்ள குண்டை. வேகத்தில் சிறு வித்தியாசம் உண்டு. அதற்காக இரண்டு பேரல் வைத்துக்கொள்வதில் பயன் குறைவு. ஒன்றோடொன்று மோதாத ஜோடியைத் தேடுங்கள். பழகவும் சிறு விலங்குக்கும் .223 ரெமிங்டன், வேட்டைக்கு .308 என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. .30-06, 9.3×62 ஜோடியும் அப்படித்தான். முதலாவது பொது வேலைக்கு, இரண்டாவது கனத்த விலங்குக்கு.

ஒரு காலிபர்தான் வேண்டும், ஆனால் நிறையச் சுடுவேன் என்பவருக்கும் இந்த ரைஃபிள் பயன்படும். பேரல் தேயும் பொருள். 6.5 கிரீட்மோர் போன்றவற்றில் இரண்டாயிரம், மூவாயிரம் சூட்டுக்குள் போட்டித் துல்லியம் குறையத் தொடங்கலாம். மேக்னம் எனப்படும் பெரிய, சக்தி கூடிய தோட்டாக்களில் இன்னும் சீக்கிரம். தேய்ந்த பேரலை ஆயுதப் பணிமனைக்கு அனுப்பாமல் தானே மாற்ற முடிவது பெரிய வசதி. காலிபர் மாற்றத்தைவிட இந்தக் காரணமே வலுவானது என்று நான் நினைக்கிறேன்.

3. சட்டத்தை இப்போதே பாருங்கள்

ரைஃபிளில் எந்தப் பகுதியைச் சட்டம் ‘துப்பாக்கி’ என்று கருதுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் பொதுவாக ரிசீவர்தான் (போல்ட்டைத் தாங்கும் உடல் பகுதி) துப்பாக்கி. பேரல் வெறும் உதிரி பாகம். பிரிட்டனில் கூடுதல் பேரலும் உரிமத்தில் இடம்பெற வேண்டிய ஒன்று. ஜெர்மனியில் மாற்றுப் பேரலையும் ஆயுத அட்டையில் பதிய வேண்டும்.

இதைக் கடைசியில் பார்த்தவர்கள், ரைஃபிளை வாங்கிய பின் இரண்டாவது பேரலுக்கு அனுமதி கிடைக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் குறிப்பிட்ட காலிபர்களே தடை. சில இடங்களில் வேட்டைக்குக் குறைந்தபட்ச குண்டு விட்டமும் ஆற்றலும் உண்டு. நீங்கள் எழுதிய பட்டியலில் ஒவ்வொரு தோட்டாவையும் உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது.

4. தோட்டாக் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. காலிபர் என்று நாம் சொல்வது குண்டின் விட்டத்தை. ஆனால் ஒரு ரைஃபிளில் எது பொருந்தும் என்பதை முடிவு செய்வது அந்த விட்டமே இல்லை. இரண்டு வேறு அளவுகள் முடிவு செய்கின்றன: கேஸின் அடி விளிம்பு விட்டம், தோட்டாவின் முழு நீளம்.

அடி விளிம்பைப் பிடிப்பது போல்ட்டின் முகம். அது பெரிதாக இருந்தால் கேஸ் ஆடும், வெளியே இழுக்காது. சிறிதாக இருந்தால் போல்ட்டே மூடாது. பழக்கத்தில் உள்ள ரைஃபிள் தோட்டாக்களைப் பெரும்பாலும் நான்கு குடும்பமாகப் பார்க்கலாம்.

.223 ரெமிங்டன் குடும்பத்தில் அடி விளிம்பு 9.6 மி.மீ. .308 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .30-06 எல்லாம் 12 மி.மீ. குடும்பம். 9.3×62-வும் கிட்டத்தட்ட அதே அளவு. .300 வின்செஸ்டர் மேக்னம், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 6.5 பி.ஆர்.சி. ஆகியவை 13.5 மி.மீ. கடைசியாக .338 லாபுவா மேக்னம், 14.9 மி.மீ.

ஒரே குடும்பத்துக்குள் மாறினால் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. பேரல் மட்டும் போதும். குடும்பம் தாண்டினால் போல்ட் ஹெட் (போல்ட்டின் முன்முனை) அல்லது முழு போல்ட் கூடுதலாக வேண்டும். செலவு அங்கேதான் ஏறும்.

அடுத்தது நீளம். .223 தோட்டாவின் அதிகபட்ச முழு நீளம் 57.4 மி.மீ. .308 என்றால் 71.1. .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் இரண்டுக்கும் 84.8. .338 லாபுவா 93.5. மேகசினும் (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) ரிசீவரின் வாயும் இந்த நீளத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். நீண்ட ஆக்‌ஷனில் குட்டையான தோட்டாவைச் சுடலாம், மேகசின் மட்டும் மாற்றினால் போதும். குட்டை ஆக்‌ஷனில் நீண்ட தோட்டா ஒருபோதும் போகாது.

.308-ஐயும் .30-06-ஐயும் பாருங்கள். அடி விளிம்பு ஒன்று, குண்டு ஒன்று, ஆனாலும் நீளம் வேறு. குடும்பம் ஒன்றே என்று நம்பி .308-க்கான குட்டை ஆக்‌ஷன் ரைஃபிளை வாங்கிவிட்டு .30-06 பேரல் தேடியவர் ஒருவர் எனக்குத் தெரியும். அப்படி ஒன்று அந்த ரைஃபிளுக்கு இருக்கவே முடியாது.

உங்கள் தாளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பக்கத்தில் இந்த இரண்டு எண்களை எழுதுங்கள். மிகப் பெரிய நீளம் எதுவோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய ஆக்‌ஷனின் நீளம். மிகப் பெரிய அடி விளிம்பும் மிகச் சிறியதும் வெகு தூரத்தில் இருந்தால் பட்டியலைத் திருத்தலாமா என்று இன்னொரு முறை யோசியுங்கள். .223-இலிருந்து .338 லாபுவா வரை ஒரே ரைஃபிளில் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. கனத்த .338-க்காகச் செய்த ஆக்‌ஷனில் .223 சுடுவது சுமையாகவே இருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. நடுவில் மடிந்து திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள், தாம்ப்சன் சென்டரின் என்கோர் போல. அவற்றில் கேஸை இழுக்கும் பகுதி பேரலோடு வந்துவிடுகிறது, மேகசினும் கிடையாது. அதனால் அடி விளிம்பும் நீளமும் தடையாக நிற்பதில்லை. ஒரு தோட்டா போதும் என்பவருக்கு இது நேர்மையான, எளிய வழி.

5. பேரல் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள்

மாற்றும் முறைகளைக் கையில் பார்த்தால்தான் புரியும். ஆனாலும் பிரிவுகளைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

முதல் வகையில் ரைஃபிளின் மேல்பாதி முழுதும் மாறும். ஏ.ஆர்-15 வகை இதுதான். இரண்டு பின்களைத் தள்ளினால் பேரல், போல்ட், ஸ்கோப் எல்லாம் ஒரே கட்டாகக் கழன்று வரும். பேரலுக்கும் போல்ட்டுக்கும் உள்ள உறவு கலையாது, ஸ்கோப்பும் அசையாது. புதியவருக்குத் தவறு செய்ய மிகக் குறைந்த வாய்ப்பு உள்ள முறை. எடையும் செலவும் அதற்கான விலை.

இரண்டாவது வகையில் பேரலை ஸ்க்ரூக்கள் இறுக்கிப் பிடிக்கும். பேரட் எம்.ராட் ரைஃபிளில் இரண்டு ஸ்க்ரூ. அக்யூரசி இன்டர்நேஷனல் ஏ.எக்ஸ்.எம்.சி.யில் ஒன்றே ஒன்று. இவை .308, .300 வின்செஸ்டர் மேக்னம், .338 லாபுவா போன்றவற்றுக்கு இடையே மாறும் கனமான தொலைதூர ரைஃபிள்கள்.

மூன்றாவது, ஐரோப்பிய வேட்டை ரைஃபிள்கள். பிளேசர் ஆர்8, சாவர் 404, மெர்கல் ஹீலிக்ஸ் போன்றவை. பிளேசரில் ஸ்டாக்கின் (கையிலும் தோளிலும் பிடிக்கும் கட்டை) அடியில் இரண்டு நட். சாவரில் மாற்றும் சாவி வார் மாட்டும் வளையத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. எடை குறைவு, தூக்கி நடக்கலாம். நடக்கும் வேட்டைக்காரருக்கு என் முதல் சிபாரிசு இந்த வகை.

நான்காவது, பேரல் மரைகளால் இறுகி, ஒரு நட் அதைப் பூட்டும் வகை. சாவேஜ் ரைஃபிள்கள் இதற்குப் பேர் போனவை. விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஹெட்ஸ்பேஸை (அடுத்த படியில் விளக்குகிறேன்) நீங்களே அளந்து நிறுத்த வேண்டும். அடிக்கடி மாற்ற விரும்புபவருக்கு இது பொருந்தாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேய்ந்த பேரலை மாற்றுபவருக்குப் போதும்.

6. ஹெட்ஸ்பேஸை யார் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள்

கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த ரைஃபிளைப் பற்றி இன்னும் படித்துவிட்டு வாருங்கள்.

போல்ட் மூடிய பின், போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அது கூடினால் கேஸ் நீண்டு கிழியும், உள்ளே 4000 பாரை எட்டும் வாயு பின்னால் வரும். குறைந்தால் போல்ட் மூடாது, அல்லது வலுக்கட்டாயமாக மூடுவார்கள். .308-க்கான ‘கோ’ (போல்ட் மூட வேண்டும்), ‘நோ-கோ’ (மூடக் கூடாது) அளவுக் கட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவு.

போல்ட்டின் லக்குகள் (பூட்டும் பற்கள்) நேராகப் பேரலிலோ பேரலோடு நிரந்தரமாக இணைந்த பகுதியிலோ பூட்டினால், இந்தத் தூரம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். பேரலைக் கழற்றிப் பொருத்துவதால் அது மாறாது. பிளேசரும் எம்.ராடும் அப்படித்தான். ஏ.ஆர் வகையும் அப்படியே. லக்குகள் ரிசீவரில் பூட்டினால், பேரல் ரிசீவரில் எவ்வளவு ஆழம் போகிறது என்பது ஹெட்ஸ்பேஸை மாற்றும். அங்கே பேரல் ஒரே ஆழத்தில் போய் முட்டி நிற்கும்படி செய்திருக்கிறார்களா, அல்லது நீங்கள் அளக்க வேண்டுமா என்று பாருங்கள்.

புதியவருக்கு நான் சொல்வது லக்குகள் பேரலில் பூட்டும் வகையை மட்டுமே. அப்படியே வாங்கினாலும் அதே தயாரிப்பாளரின் பேரலையும் போல்ட் ஹெட்டையும் வாங்குங்கள். சோதனை முத்திரை கட்டாயமான நாடுகளில் ஒவ்வொரு பேரலிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பயன்படுத்திய பேரலை மலிவாக வாங்கினால், முதல் சூட்டுக்கு முன் ஆயுதப் பணிமனையில் உங்கள் போல்ட்டோடு சேர்த்து அளந்து வாங்குங்கள். விற்றவரின் ரைஃபிளில் சரியாக இருந்தது என்பது உங்கள் ரைஃபிளுக்கு உத்தரவாதம் ஆகாது.

7. ஸ்கோப் எங்கே உட்காரும்?

பேரல் மாறியதும் குண்டு அதே இடத்தில் விழாது. வேறு குண்டு, வேறு வேகம், வேறு அதிர்வு. ஸ்கோப் பேரலின் மேல் உட்கார்கிறதா, ரிசீவரின் மேல் உட்கார்கிறதா என்பதை வைத்துத்தான் இதை எப்படிச் சமாளிப்பது என்று முடிவாகும்.

பேரலின் மேல் உட்காரும் முறையில், ஒவ்வொரு பேரலுக்கும் தனி ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம். கழற்றினாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஜீரோ தங்கும். பிளேசரின் சேணம் போன்ற மவுண்ட் இந்த வகை. ஆனால் நல்ல ஸ்கோப் ஒன்று ஒரு பேரலின் விலையைத் தாண்டிவிடும். இரண்டு ஸ்கோப் வாங்கத் தயாரா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

ரிசீவரின் மேல் உட்காரும் முறையில் ஒரே ஸ்கோப் எல்லாப் பேரலுக்கும் வேலை செய்யும். ஒவ்வொரு பேரலுக்கும் உள்ள விலகலை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஸ்கோப்பின் திருகு ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.1 மில் (கோண அளவு) நகரும் என்றால், ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. நகர்த்தும். .308-இல் ஜீரோ வைத்துவிட்டு 6.5 பேரலை மாட்டினால் குண்டு 4 செ.மீ. மேலேயும் 2 செ.மீ. இடதுபுறமும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேரலுக்கு ‘4 கீழே, 2 வலது’ என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை மாற்றும்போது அதே கிளிக்குகளைத் திருப்பினால் அருகில் வந்துவிடும்.

அருகில் என்று சொன்னதைக் கவனியுங்கள். வேட்டைக்கோ போட்டிக்கோ போகும் முன் இரண்டு, மூன்று சூடாவது சுட்டு உறுதி செய்தே ஆக வேண்டும். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உறுதிப்படுத்தலைத் தவிர்க்காதீர்கள்.

8. பேரலைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் ட்விஸ்ட். குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றப் பேரலுக்குள் எத்தனை அங்குலம் பயணிக்கிறது என்பதே அது. நீண்ட கனமான குண்டுக்கு வேகமான ட்விஸ்ட் வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் தள்ளாடும். 6.5 கிரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். .308-க்கு 10 முதல் 12. .223-இல்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 12 அங்குல ட்விஸ்ட் உள்ள பேரலில் கனமான இலக்குக் குண்டுகளைப் போட்டுவிட்டு ரைஃபிளைக் குறை சொல்கிறார்கள். நீங்கள் சுடப்போகும் குண்டின் எடையை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற ட்விஸ்ட் உள்ள பேரலைக் கேளுங்கள்.

அடுத்து வெளி விட்டம். உங்கள் ஸ்டாக் இடம் கொடுக்கும் அளவுக்குள்தான் பேரல் இருக்க முடியும். மெல்லிய வேட்டைப் பேரலுக்குச் செய்த ஸ்டாக்கில் கனத்த பேரல் உரசும். உரசினால் ஒவ்வொரு சூட்டுக்கும் குறி நகரும்.

நீளத்தில் நான் அதிகம் கவலைப்படுவதில்லை. ஒரே ஒரு விஷயம்: பேரல்களின் நீளமும் எடையும் ஓரளவு ஒத்திருந்தால், மாற்றிய பின்னும் ரைஃபிள் கையில் அதே சமநிலையில் இருக்கும்.

9. மேகசின், டிரிகர், பின்னுதைப்பு

மேகசின் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சிலவற்றில் உள்ளே ஒரு செருகலை மாற்றினால் போதும். சிலவற்றில் தனி மேகசின். ஏ.எக்ஸ்.எம்.சி. போன்றவற்றில் காலிபரைப் பொறுத்துப் பேரலோடு போல்ட்டும் மேகசினும் மாறும். பேரலையும் போல்ட்டையும் வாங்கிவிட்டு மேகசினை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டியதுதான்.

டிரிகர் எல்லாக் காலிபரிலும் ஒன்றே என்பதுதான் இந்த ரைஃபிள்களின் உண்மையான பலம். ஒரே ஸ்டாக், ஒரே டிரிகர், ஒரே கன்ன நிலை. குறைந்த செலவுத் தோட்டாவில் பழகிய கை, பெரிய தோட்டாவிலும் அதையே செய்யும். அதனால் டிரிகரில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பின்னுதைப்பு எடையைப் பொறுத்தது. ஒரே எடை ரைஃபிளில் .308-இலிருந்து .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குப் போனால் தோளில் விழும் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். .308 பேரலோடு மட்டும் சுட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் உள்ள மிகப் பெரிய தோட்டாவோடு, அதே ரைஃபிளில், குறைந்தது பத்து சூடு சுட்டுப் பாருங்கள்.

10. முழு செட்டாகக் கணக்குப் போடுங்கள்

ரைஃபிளின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு காலிபருக்கும் பேரல், தேவையானால் போல்ட் ஹெட் அல்லது போல்ட், மேகசின், ஸ்கோப்பும் மவுண்டும் அல்லது சரிபார்க்கும் தோட்டாக்கள், பேரலின் உள்விட்டத்துக்கேற்ற சுத்தம் செய்யும் கம்பி, பெட்டி என்று வரிசையாக எழுதுங்கள்.

பிறகு அதே காலிபரில் தனி ரைஃபிள் ஒன்றின் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். பல நேரம் தனி ரைஃபிள் மலிவாக வரும். அப்படி வந்தால், பயணம், உரிம இடங்கள், ஒரே டிரிகர் பழக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அந்த வித்தியாசத்துக்கு ஈடு கொடுக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் இரண்டு சாதாரண ரைஃபிள்களே உங்களுக்குச் சரி.

பட்டியலில் உள்ள இரண்டாவது பேரல் இன்று கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘விரைவில் வரும்’ என்று சொல்லப்படும் காலிபரை நம்பி ரைஃபிள் வாங்க வேண்டாம்.

11. வாங்கும் முன் சுடுதளத்தில் ஒரு சோதனை

முடிந்தால் இதே மாடல் வைத்திருக்கும் ஒருவரோடு சுடுதளத்துக்குப் போங்கள். ஒரே பேரலில் ஐந்து சூடு சுடுங்கள். பேரல் ஆறட்டும். சூடான உலோகம் விரிந்திருக்கும், அந்த நிலையில் கழற்றுவது சரியான சோதனை ஆகாது. பிறகு கழற்றி, அதே பேரலைத் திரும்பப் பொருத்தி இன்னொரு ஐந்து. இப்படி மூன்று முறை.

ஒவ்வொரு குரூப்பின் (ஐந்து சூட்டின் தொகுப்பு) நடுப்புள்ளியையும் குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். குரூப்பின் அகலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், நமக்கு வேண்டியது நடுப்புள்ளி. 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. (கோண அளவு) என்பது சுமார் 29 மி.மீ. நகர்வு அதற்குள் இருந்தால் வேட்டைக்குப் போதும். தொலைதூரப் போட்டி என்றால் அதில் பாதிக்கும் கீழே எதிர்பார்க்கிறேன்.

கழற்றுவதையும் பொருத்துவதையும் நீங்களே செய்யுங்கள். விற்பவரின் பழகிய கை எல்லாவற்றையும் எளிதாகக் காட்டும்.

12. முதல் மாற்றத்தைச் செய்யும் வரிசை

மேகசினை எடுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள். இதற்குப் பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். பேரலைக் கழற்றும்போது முகம் பேரலுக்கு அருகில் போகும் என்பதால் இந்த வரிசையில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேரலும் ரிசீவரும் தொடும் பரப்புகளைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் பேரலைச் சாய்வாக உட்கார வைக்கும். கையேடு சொல்லாத இடத்தில் எண்ணெய் வேண்டாம்.

ஸ்க்ரூக்களைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை உணர்வை நம்பி இறுக்கியவர்களின் ஜீரோ ஒவ்வொரு முறையும் ஊர்வதைப் பார்த்திருக்கிறேன். ரெஞ்ச் வாங்கியதும் அது நின்றது.

இப்போது பேரலில் உள்ள எழுத்து, போல்ட் ஹெட்டில் உள்ள எழுத்து, மேகசினில் உள்ள எழுத்து, தோட்டாவின் அடியில் உள்ள எழுத்து நான்கையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒத்துப்போக வேண்டும். பிறகு டம்மி தோட்டாக்களை (வெடிமருந்து இல்லாதவை) வைத்து மேகசினிலிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்து முதல் சூடு. கேஸை எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ, சுற்றிலும் பளபளப்பான கோடு தெரிந்தாலோ, பிரைமர் (கேஸின் அடியில் உள்ள தீமூட்டி) வெளியே தள்ளியிருந்தாலோ நிறுத்திவிட்டு ஆயுதப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் சரி என்றால் ஜீரோ வைக்கத் தொடங்கலாம்.

13. கலப்பதால் வரும் ஆபத்துகள்

ஏ.ஆர் வகையில் .223, .300 பிளாக்அவுட் இரண்டுக்கும் போல்ட்டும் மேகசினும் ஒன்றே. பேரல் மட்டும்தான் வேறு. வசதியாகத் தெரிகிறது. ஆனால் .300 பிளாக்அவுட் தோட்டா தவறி .223 பேரலுக்குள் போனால், சில தோட்டாக்களில் போல்ட் மூடியும் விடும். 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. துளைக்குள் போக முடியாது. அழுத்தம் பின்னால் வந்து ரைஃபிள் வெடிக்கும். இப்படி உடைந்த ரைஃபிள்கள் ஒன்றிரண்டு அல்ல. இந்த ஜோடியை வைத்திருப்பவர் இரண்டு தோட்டாவையும் ஒரே நாளில் சுடுதளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மேகசின்களுக்கு வேறு நிறம் கொடுங்கள்.

சப்ரெஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) சட்டப்படி அனுமதி உள்ள இடத்தில் இன்னொரு கவனம் வேண்டும். .223-க்கான சப்ரெஸரின் துளை வழியே .308 குண்டு போகாது. மரை ஒரே அளவாக இருந்தால் கை தானாக மாட்டிவிடும். அதனால் சிறிய காலிபர் பேரலுக்கும் பெரிய காலிபர் பேரலுக்கும் வேறு வேறு மரை அளவு கேட்டு வாங்குங்கள். அல்லது பெரிய துளை உள்ள ஒரே சப்ரெஸரை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காலிபருக்கும் ஒரு பெட்டி. பேரல், போல்ட் ஹெட், மேகசின், கிளிக் எண் எழுதிய அட்டை, அந்தத் தோட்டா மட்டும் அதற்குள். ஒரு பெட்டி திறந்திருக்கும்போது மற்றது பூட்டியே இருக்க வேண்டும்.